இதயத்தின் ஏட்டை வாசிப்பவர் யார்?

தமிழாசிரியர் ஒருவர், கல்கிசை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, யான் இலக்கியச் சுவை பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருப்பர். ஆயின், ஈண்டு எழுதப் புகுந்திருப்பது இதயக் கலங்களின் மின்குறிகளை ஆராயும் கணினி மென்பொருள்களைப் பற்றியாகும். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க. வாசிப்பு எங்கு உளதோ, அங்கு தமிழாசிரியனுக்கும் சிறிது வேலை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் நின்று கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சுநோவு கண்டது. உடனாசிரியர்கள் என்னை ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றனர். நெஞ்சிலும் கைகால்களிலும் மின்வாய்களைப் பொருத்தி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பொறியானது அலைக்கோட்டை வரைந்ததுமன்றி, தாளின் தலைப்பில் தன் தீர்ப்பையும் தானே அச்சிட்டது. அஃது அச்சமூட்டும் தீர்ப்பு. பின்னர் வந்த இளம் வைத்தியர் அத்தீர்ப்பை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. அலையையே உற்று நோக்கினார். "ஐயா, பயப்படாதீர்கள். இடக்கை வயரும் வலக்கை வயரும் மாறிப் போயின," என்று கூறி, மறுபடியும் எடுப்பித்தார். தீர்ப்பு மாறியது. பொறி பொய் சொல்லவில்லை. தனக்குத் தரப்பட்டதைத் தன் விதிப்படி வாசித்தது. ஆனால் வாசித்தது பிழையான ஏட்டை. அதைக் கண்டறிந்தது ஒரு மனிதக் கண்.

நிற்க. அண்மையில், வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். என்னிடம் யாப்பிலக்கணம் பயின்றவர். மடிக்கணினியைத் திறந்து, "சேர், இதுவும் ஒருவகை அலகிடுதல்தான்," என்று சிரித்தார். திரையிற் கண்டது, சிறு தட்டொன்றில் வளர்க்கப்பட்ட மனித இதயக் கலங்கள் தாமே துடிக்கும் காட்சி. அவை எவருடைய நெஞ்சையும் பிளந்து எடுக்கப்பட்டவை அல்ல. யப்பானிய அறிஞர் சின்யா யமனாக்கா 2006இல் எலியின் கலங்களிலும் 2007இல் மனிதக் கலங்களிலும் காட்டிய முறையால், தோற்கலத்தை இளநிலைக்கு மீட்டு, அதிலிருந்து இதயக் கலங்களை உண்டாக்க இயலுகின்றது. அதற்காகவே 2012இன் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

ஓய்ந்திருக்கும் இதயக் கீழறைக் கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க ஏறத்தாழ 85 மில்லிவோல்ற் குறைந்த மின்னிலையில் இருக்கும். தூண்டப்பட்டதும் சோடியம் உட்பாயும். மின்னிலை ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் மேலெழும். பின்னர்க் கல்சியம் நுழைந்து அதனைச் சிறிது நேரம் தாங்கி நிறுத்தும். ஈற்றிற் பொற்றாசியம் வெளியேறக் கலம் ஓய்வுக்கு மீளும். இவை யாவும் ஏறத்தாழ 300 மில்லிசெக்கனுள் நிகழ்ந்து முடிகின்றன. ஒரு செக்கனுக்குப் பத்தாயிரம் முறை அளந்தால், பத்து நிமிடத்தில் ஒரு மின்வாயிலிருந்து 60 இலட்சம் எண்கள் சேரும். அறுபது மின்வாய்களாயின் 36 கோடி. இதனைக் கண்ணால் எண்ணி முடிப்பார் யாருமிலர். ஆதலின் மென்பொருள் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயின், அம்மென்பொருள் செய்வது யாது? முதலில், மின்கம்பியிலிருந்து வந்து கலக்கும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டுகின்றது. பின்னர், இவ்வளவு உயரம் எழுந்தாற்றான் துடிப்பு என ஓர் எல்லை வகுக்கின்றது. ஒவ்வொரு துடிப்பும் தொடங்கிய இடத்தையும் ஓய்ந்த இடத்தையும் குறிக்கின்றது. ஈற்றிற் சராசரி கண்டு ஓரெண்ணைத் தருகின்றது. இவ்வொவ்வொரு படியிலும் ஒரு மனிதனின் தெரிவு மறைந்திருக்கின்றது. தட்டிலுள்ள மின்வாய் கலத்தின் வெளியே நின்று கேட்பதாகையால், மீட்சியைக் காட்டும் கடையலை மிக மெலிதாகவே விழும். அதனை இரைச்சலென்று கருதி வடிகட்டி அழிப்பதும் கூடும். இரைச்சலையே அலையென்று கொள்வதும் கூடும்.

சராசரி செய்யும் கேட்டை மாணாக்கர் எளிதில் உணர்வர். ஒரு துடிப்பு 280 மில்லிசெக்கன், அடுத்தது 320, மீண்டும் 280, மீண்டும் 320 என்று வருவதாகக் கொள்க. சராசரி 300; யாவும் நலம் என்று தோன்றும். ஆனால் இவ்வாறு ஒன்றுவிட்டொன்று நீண்டு குறுகுதல் தாளக்கேட்டின் முன்னறிகுறியாகலாம் என்பதை இதய ஆய்வாளர் அறிவர். எச்சரிக்கை ஏட்டில் இருந்தது, எண்ணில் இல்லை.

இதனாற் கெடுவது வெறும் கணக்கன்று. ஒவ்வாமைக்கு வழங்கப்பட்ட டெர்பெனடின் என்னும் மருந்து, பொற்றாசியம் வெளியேறும் வழியை அடைத்துக் கலத்தின் மீட்சியைத் தாமதப்படுத்தக் கூடியது. சிலருக்கு உயிராபத்தான தாளக்கேடு நேர்ந்தது. 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது நீங்கியது. இத்தகைய ஆபத்தை மனிதர் விழுங்குமுன் தட்டிலேயே காண்பதற்குத்தான் இன்று இக்கலங்களும் மென்பொருள்களும் பயன்படுகின்றன. இங்கு ஒரு வாசிப்புப் பிழை நேரின், அதனால் ஓர் உயிரே போதலும் கூடும்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றிய 1887ஆம் ஆண்டிலேதான், இலண்டனில் ஒகஸ்டஸ் வாலர் உடலைத் திறவாமலே மனித இதயத்தின் மின்னசைவைப் பதிந்து வெளியிட்டார். இருவர் தொழிலும் என் மனத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. ஏட்டில் மெய்க்குப் புள்ளியில்லை. குறிற்கொம்பும் நெடிற்கொம்பும் வேறுபடுவதில்லை. செல்லரித்த இடமும் உண்டு. நல்ல பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தை மேலே தந்து, பாடபேதத்தை அடியிற் குறிப்பர், ஏட்டையும் பேணுவர். மென்பொருள் தருவதும் ஒரு பதிப்பே. அஃது ஏடாகாது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் மேனாட்டிலும் உளர். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் பெத் இஸ்ரேல் வைத்தியசாலையும் 1980இல் வெளியிட்ட இதயப் பதிவுத் தொகுதியில் அரைமணி நேரப் பதிவுகள் 48 உள்ளன. ஒவ்வொரு பதிவையும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இதய வைத்தியர்கள் தனித்தனியே வாசித்துத் துடிப்புத் துடிப்பாகக் குறியிட்டனர். கருத்து வேறுபட்ட இடங்களை ஆராய்ந்து தீர்த்தபின், ஏறத்தாழ ஓர் இலட்சத்துப் பதினாயிரம் குறிகள் நிலைபெற்றன. மென்பொருள்களைச் சோதிக்கும் உரைகல்லாக அத்தொகுதி விளங்குகின்றது. இன்று யாவரும் அதனைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பழைய மாணவர்களே! விழாக்காலத்தில் நீங்கள் கல்லூரிக்குக் கணினிகளை அன்பளிக்கின்றீர்கள், நன்று. ஆனால் பொத்தானை அழுத்தி விடையெடுக்கும் பழக்கம் மட்டும் அவற்றோடு வந்து சேருமாயின், நாம் பெற்றது சிறிதே. உங்களுள் வைத்தியர், பொறியியலாளர் பலர் உளர். ஆண்டிலொரு நாள் வாருங்கள். அத்தொகுதியில் ஒரு பதிவை உயர்தர வகுப்பு மாணாக்கர் முன் வையுங்கள். அவர்கள் முதலிற் கண்ணாலும் அடிமட்டத்தாலும் துடிப்புகளைக் குறிக்கட்டும்; பின்னர் மென்பொருளிடம் கேட்கட்டும்; இரண்டும் வேறுபடும் இடத்தில் ஏனென்று தமிழில் விவாதிக்கட்டும். உயிரியலும் பௌதிகவியலும் கணிதமும் அவ்வொரு மணி நேரத்தில் ஒன்றாகும். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் இதயத்திற் சுழலும் மின்னலைகளைக் கணிதத்தால் ஆராய்ந்திருக்கின்றனர். இத்துறை நம் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இல்லை.

மாணாக்கர்களே! உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. எண்ணை நம்புமுன் அலையைப் பாருங்கள். பதிப்பை ஏற்குமுன் ஏட்டைக் கேளுங்கள். அன்று அந்த இளம் வைத்தியர் அவ்வாறு செய்தமையாலேயே, நோயில்லாத நான் நோயாளியாகாமல் மறுவாரமே உங்கள் வகுப்பிற்குத் திரும்பி வந்தேன்.

வாழ்க நம் கல்லூரி!