ஆட்டின் இருமலுக்குப் பெயர் சூட்டுமுன்



சுங்கைப் பட்டாணிக்கு அருகிலுள்ள தோட்டத்திலிருந்து வரும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் வீட்டு ஆடுகள் மூக்கொழுகி இருமுவதாகச் சொன்னான். "மழைச் சளியாக இருக்கும்" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மறுவாரம் மூன்று ஆடுகள் இறந்துவிட்டதாகச் சொன்னான். சோதிக்காமலேயே புதைத்துவிட்டார்கள். அறிவியல் கற்பிக்கும் நானே ஊகத்தை விடையாகத் தந்தது இன்றும் உறுத்துகிறது.

இருமல் நுண்ணுயிரியாலும் வரும், வைரசாலும் வரும். நுண்ணுயிரிக்கான மருந்து வைரசைத் தொடாது. வைரசுகளுக்குள்ளும் குழப்பம் உண்டு. 1987-இல் தமிழ்நாட்டில், விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் செம்மறி ஆடுகளைத் தாக்கிய நோய், மாடுகளுக்கு அக்காலத்தில் வந்த வெக்கை நோயைப் போலவே தோன்றியது. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், நுரையீரல் அழற்சி ஆகியவை ஆட்டுக்கொல்லி நோயின் அறிகுறிகள். இவ்விரு நோய்களின் வைரசுகளும் தட்டம்மை வைரசின் உறவினங்கள். ஒன்றுக்கு எதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் மற்றதையும் பற்றிக்கொள்ளும். ஆகவே பழைய சோதனைகளால் அவற்றைப் பிரித்தறிவது கடினமாயிற்று.

அரசூரில் கண்டது ஆட்டுக்கொல்லி நோயே என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல்முறை. பின்னர், இந்த ஒரு வைரசை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு முக்தேசுவரில் எலிசா சோதனைகள் உருவாக்கப்பட்டன. அரசூர் வைரசிலிருந்தே 'அரசூர் 87' தடுப்பூசியும் பிறந்தது. சரியான பெயர் தெரிந்த பிறகே சரியான மருந்து கிடைத்தது.

தவறான பெயரின் விலையை நம் நாடும் கொடுத்திருக்கிறது. 1998-இல் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளர்களைத் தாக்கிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். கொசுப்புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். மரணங்கள் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரசைக் கண்டறிந்தார். அதுவே நிப்பா. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவிவிட்டது. நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆகவே பெற்றோர்களே, ஆடு இருமினால் மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். இறந்தால் புதைக்குமுன் மாவட்டக் கால்நடை அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். கோவிட் காலத்தில் நம் மூக்கில் விட்ட பஞ்சுக்குச்சியைப் போன்ற ஒன்றே ஆட்டுக்கும் போதுமானதாக இருக்கலாம்.

ஆசிரியர்களே, "தெரியவில்லை, சோதித்துப் பார்ப்போம்" என்று மாணவன் முன் சொல்வது நமக்கு இழுக்கன்று. அன்று நான் அதைச் சொல்லியிருந்தால், எஞ்சிய ஆடுகளையாவது பிரித்துக் கட்டியிருப்பார்கள்.