பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

வானம் பார்த்த பூமியில் குடியிருக்கும் ஒருவன், டர்போ பூட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தால் அவனைப் பற்றி இலக்கிய வட்டாரத்தில் இரண்டு அபிப்பிராயங்களே நிலவ முடியும். ஒன்று, அவன் பகட்டுக்காரன். மற்றது, அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அருப்புக்கோட்டையில் தமிழ் கற்பித்துக்கொண்டு அப்படியொரு வண்டியையும் வைத்திருக்கும் எனக்கு இவ்விரண்டு பட்டங்களும் தவறாமல் வழங்கப்பட்டு வருகின்றன. “குடத்து நீர் விலைக்கு வாங்கும் ஊரில் இது என்ன ஆடம்பரம்?” என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் கேட்டிராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வண்டி எதுவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கோடா நிறுவனம் 2004-ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் பெட்ரோல் எந்திரம், 20 வால்வுகள், ஒரு டர்போ, 150 குதிரைத்திறன். நாலு கதவு உண்டு. மூட்டை முடிச்சோடு குலதெய்வம் கோயிலுக்கும் போகலாம். அந்நாளில் இந்தியச் சாலைகளில் டர்போ என்றாலே டீசல் வண்டிதான். பெட்ரோல் எந்திரத்தில் டர்போ வைத்து நடுத்தர வர்க்கத்தின் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிறுத்திய வண்டி இது. என்னிடம் இருப்பது 2005-இல் பதிவானது. நான் கொடுத்த விலை, இன்றைய புதிய சிறு காரின் விலையில் பாதிக்கும் குறைவு. ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டின் பணக் கணக்கு இவ்வளவுதான்.

இனி டர்போவுக்கு வருவோம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. எந்திரம் எரித்துத் துப்பும் புகையில் இன்னமும் சூடும் வேகமும் மிச்சமிருக்கின்றன. அதை வெளியே விட்டுத் தொலைக்காமல் ஒரு சிறு சக்கரத்தின் மேல் மோதவிட்டால் அது சுழலும்; அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எந்திரத்துக்குள் திணிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. கழிவை மறுபடி வேலை வாங்கும் இந்தப் புத்தி எங்கள் சீமைக்குப் புதிதன்று. விளைநிலத்தைத் தின்ற சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியேற்றும் ஊர்கள் திருச்சுழியைச் சுற்றி எத்தனை! குளித்த நீரை முருங்கைக்குத் திருப்பிவிடாத வீடு நரிக்குடிப் பக்கம் உண்டா? டர்போவை அந்நியப் பகட்டு என்பவர்கள் முதலில் அது என்ன செய்கிறது என்று பார்க்கட்டும்.

ஆனால் என் சண்டை நண்பர்களோடு மட்டுமில்லை. பெரிய சண்டை, பழமை என்பதை அரசும் நாமும் அளக்கும் முழக்கோலோடுதான்.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். சொந்தக் காரின் பதிவுக்கு ஆயுள் 15 ஆண்டு. பிறகு தகுதிச் சோதனை காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு முன் வைத்திருந்தவர் 2020-இல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டு அறிவிக்கையின்படி 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000. வெளிநாட்டிலிருந்து முழுதாக வந்திறங்கிய கார்களுக்கு 80,000. வண்டி புகை கக்குகிறதா, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கேள்விகளுக்கு இந்தக் கட்டணத்தில் இடமில்லை. பிறந்த தேதி ஒன்றே குற்றம்.

அதே அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வகுத்தது. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண், தனி மரியாதை. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காகச் சாலைக்கு வரலாம்; அன்றாடம் ஓட்டக் கூடாது. அதாவது 15 வயதில் அது குப்பை, 50 வயதில் கலைச்செல்வம். நடுவிலுள்ள 35 ஆண்டுகள் அது எப்படி உயிரோடிருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படியே பிழைத்து வந்தாலும் நடமாடக் கூடாது. முதியவர்களை நாம் நடத்தும் விதத்தின் நகல் போலவே இருக்கிறது.

டர்போ கார்களின் வரலாறு முழுதும் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடக்கிறது. 1962-இல் அமெரிக்காவில் சில முயற்சிகள் நடந்தன. 1973-இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. எண்ணெய் நெருக்கடி அதைப் பிறந்த கையோடு முடக்கியது. 1975-இல் போர்ஷே 911 டர்போ. மற்றவை அனைத்தும் இவற்றுக்குப் பிறகு. நம் நாட்டுக்குப் பழைய கார் இறக்குமதி செய்வதானால் 3 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. 2025-இல் 50 ஆண்டு கடந்தவற்றுக்கு வழி திறந்தார்கள். ஆகவே 1980களின், 90களின் புகழ்பெற்ற டர்போ வண்டிகளை இங்கே கொண்டுவர நேர்வழி கிடையாது. இங்கேயே விற்கப்பட்டவற்றைக் காப்பாற்றிக்கொண்டால்தான் உண்டு.

காப்பாற்றினோமா? 1985-இல் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்றொரு காரை வெளியிட்டது. பிரிட்டிஷ் ரோவரின் அழகிய உடலுக்குள் தங்கள் பழைய வேன்கார்டு எந்திரத்தைப் பொருத்தியிருந்தார்கள். கார் தோற்றது, சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றது. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றின் ஒரு முழு அத்தியாயம் அந்தத் தோல்வியில் இருக்கிறது. விதிப்படி அது பழம்பெரும் வாகனமாவதற்கு 2035 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மிச்சமிருப்பதெல்லாம் காயலான் கடையில் எடைபோடப்பட்டிருக்கும். என் ஆக்டேவியாவுக்கு மரியாதை கிடைக்கும் ஆண்டு 2055. அன்று எனக்குச் சுக்கானைப் பிடிக்கக் கையில் வலு இருக்குமா என்பது வேறு கேள்வி.

இலக்கியப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு இந்தக் கதை பழகியதாகத் தோன்றவில்லையா? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்ட செய்தியை உ.வே.சா. வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். எரித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். சிதைந்த ஏடு அவர்கள் கண்ணுக்குப் பயனற்ற பொருள். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் அச்சுப் புத்தகங்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தபோது அவற்றில் பல பழம்பொருளாகவே ஆகியிருக்கவில்லை. அதனால்தான் அவர் பெரியவர். 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழின் பிரதிகளுக்கு இன்று அலையும் நாம், அவை எடைக்குப் போன நாளில் எங்கே இருந்தோம்?

எந்தப் பொருளுக்கும் ஆபத்தான பருவம் அதன் நடுவயதுதான். புதிதாக இருக்கையில் உடையவன் காக்கிறான். மிகப் பழையதானால் அருங்காட்சியகம் காக்கிறது. நடுவயதில் அது வெறும் இடைஞ்சல். எங்கள் கரிசல் கிணறுகளில் கமலை போனது, அதை விரட்டிய ஆயில் என்ஜினும் போனது. அருப்புக்கோட்டையில் கைத்தறிக் குழிகள் மண் மூடி வீட்டறைகளாயின. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றே ஒரு நூற்றாண்டின் சாட்சியங்களைச் செரித்துவிட்ட சமூகம் நாம். கரிசல் எழுத்தில் மாட்டு வண்டிக்கு இருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு எந்திரத்துக்கு உண்டா? ஒலியை வைத்தே நோயைச் சொல்லும் பட்டறைக்காரரின் அறிவு எந்தப் புனைவில் ஏறியிருக்கிறது?

எதிர்வாதத்தில் நியாயமானது ஒன்றுண்டு: பழைய வண்டி புதியதைவிடக் கிலோமீட்டருக்கு அதிகமாகக் காற்றைக் கெடுக்கும். உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் முப்பதாயிரம் ஓடும் வண்டியையும் வயதை மட்டும் வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது சுற்றுச்சூழல் அக்கறையாகாது. புகையை அளந்து வரி போடுங்கள், மறுபேச்சின்றிக் கட்டுகிறேன். ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து அசல் நிலையில் பேணப்பட்ட காருக்கு எண்ணின் இறுதியில் ‘எச்’ என்ற எழுத்தோடு வரிச் சலுகையும் உண்டு. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்தால் சாலை வரியே இல்லை. இங்கோ 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. அதைக் கனவிலும் எண்ணாத காலத்து ரப்பர்க் குழாய்களும் ஒட்டிணைப்புகளும் என்னவாகும் என்ற கவலை உடையவன் தலையில்.

பழைய வண்டியைச் சேமிப்புப் பத்திரம் போல வாங்கித் துணி போர்த்தி வைப்பவர்கள் என் கட்சியில் சேர வேண்டாம். ஏடு பிழைத்தது பூட்டிய பெட்டியால் அன்று. கறையானுக்கு முந்தி யாரோ ஒருவர் பெயர்த்தெழுதியதால். கார் பிழைப்பது ஓடுவதால். நிறுத்தியே வைத்தால் ரப்பர் இறுகும், பெட்ரோல் பிசினாகும். வாங்க நினைப்பவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் எண்ணெய் மாற்றிய கணக்கைக் கேளுங்கள். புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். வண்டியைத் தேடுமுன் மெக்கானிக்கைத் தேடுங்கள். வாங்கும் விலையளவு பணம் பழுதுக்கென்று தனியே இருக்கட்டும். மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் விரைந்து வந்தால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் எந்திரம் மெல்ல ஓடட்டும். இல்லையேல் கொதிக்கும் டர்போவில் தேங்கிய எண்ணெய் கரியாகிவிடும்.

உதிரிபாகம் தயாரிப்பதை நிறுத்திவிட்டோம் என்று நகரத்துப் பெரிய பட்டறை ஒன்று என்னைத் திருப்பியனுப்பியது. அந்தக் குழாய் வளைவை இங்கே ஒரு லேத் பட்டறையில், டிராக்டர்களுக்கு வேலை செய்யும் ஒருவர் செய்து கொடுத்தார். கோவையில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த லேத்காரரின் கைத்திறனை எந்த அருங்காட்சியகமும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. பழுதுபார்க்க வண்டிகள் இருக்கும் வரைதான் அந்தக் கை இருக்கும்.

கேட்பது இரண்டே. 25 ஆண்டு கடந்து அசல் நிலையில் பேணப்படும் வண்டிகளுக்கு ஓடும் உரிமையோடு ஒரு நடு வகுப்பைச் சட்டம் உண்டாக்கட்டும். கட்டணம் புகைக்கு ஏற்ப இருக்கட்டும். அடுத்தது நமக்கு: உங்கள் வீட்டுக் கொல்லையில் இருபது வயதில் துருப்பிடிக்கும் ஏதேனும் ஒன்று கிடக்கும். தறியோ, மோட்டாரோ, இதழ்க் கட்டோ. இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்குமுன் போய்ப் பாருங்கள்.