ஊசி போட்ட கோழிக்கும் சளி வருவது ஏன்?

ராயபுரத்துப் பனியன் தொழிலாளி காலையில் இரண்டு இட்லியோடு ஒரு முட்டையும் சாப்பிட்டால், அது பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணையிலிருந்து லாரியில் வந்த முட்டைதான். அந்தப் பண்ணைகளை அவ்வப்போது ஆட்டிப் படைக்கும் நோய் ஒன்று உண்டு. பெயர் கொரைசா.

முகம் வீங்கும். கண் மூடிக்கொள்ளும். மூக்கில் ஒழுகும் சளி நாற்றமடிக்கும். கிருமி தொற்றிய ஒன்றிரண்டு நாட்களிலேயே இத்தனையும் தெரிந்துவிடும். கோழி சாவது குறைவு, முட்டைதான் விழுந்துபோகும். நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது வரை குறையும். நாள் ஒன்றுக்கு 40,000 முட்டை எடுப்பவருக்கு 4,000 முதல் 16,000 வரை நஷ்டம்! சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கிருமி மனிதரைத் தொற்றாது.

தடுப்பூசி இல்லையா? இருக்கிறது. ஊசி போட்ட பண்ணையிலும் நோய் வருகிறதே, அதுதான் கேள்வி.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே நிறம் என்பார்கள். லாட்டுக்கு லாட்டு சாயம் மாறும். இந்தக் கிருமியும் அப்படித்தான். அதை ஏ, பி, சி என்று 1962-ல் பேஜ் என்பவர் மூன்றாகப் பிரித்தார். பின்னர் அது ஒன்பது உட்பிரிவாக விரிந்தது. கிருமியின் மேற்புறத்தில் இரத்த அணுக்களைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவின் ஒரு பகுதி வகைக்கு வகை வேறுபடுகிறது. ஏ வகைக்குப் போட்ட ஊசி சி வகையைத் தடுக்காது.

தென்னாப்பிரிக்கா இந்தப் பாடத்தை 1990-களில் படித்தது. ஊசியில் இல்லாத சி-3 என்ற உட்பிரிவு அங்கே பரவியது. போதாக்குறைக்கு, வழக்கமான சத்து இல்லாமலே வளரும் கிருமிகளும் தலைகாட்டின. பழைய சோதனையை நம்பினால் ஆளே மாறிப்போகும்!

நம் ஊரில் நடப்பது என்ன? சளி கண்டதும் கடைக்காரர் சொல்லும் ஆன்டிபயாடிக்கை வாங்கித் தண்ணீரில் கலந்துவிடுகிறார்கள். வீக்கம் வடிகிறது, கிருமி போவதில்லை. தேறிய கோழியே அதைச் சுமந்து அடுத்த கோழிக்குக் கொடுக்கிறது. கண்ட மருந்தையும் கொட்டினால் கடைசியில் மருந்தே பலிக்காது. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை போட்டதும் அந்தப் பயத்தால்தான்.

எந்த வகை என்று தெரியாமல் ஊசியை மாற்றிப் பயனில்லை. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையிலும் ஒன்று வந்துவிட்டது. ஆனால் மாதிரி எடுப்பதில்தான் தவறு நேர்கிறது. பத்து நாள் மருந்து கொடுத்த பிறகு, செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதில் கிருமி எங்கே கிடைக்கும்? புதிதாக முகம் வீங்கிய கோழியை, மருந்துக்கு முன்பே காட்ட வேண்டும். வெளியில் வந்தால் இந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடும். எடுத்த மாதிரியை ஐஸில் வைத்து அன்றைக்கே அனுப்ப வேண்டும்.