நெரிசற் பணம் யாருக்கு?

விழா முடிந்து ஊர் திரும்பும் வண்டிகளால் வண்டலூர் திணறுவதைக் கண்டிருப்பீர்கள். காவலர் கை காட்டுவார், பாதி வண்டிகள் மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையில் திரும்பும், நெரிசல் தளரும்.

மின்சாரம் செல்லும் பாதையிலும் நெரிசல் உண்டு, தோழர்களே! ஆனால் அங்கே கை காட்டக் காவலர் இல்லை. கம்பியில் புகுந்த மின்னோட்டம் எவர் சொல்லையும் கேளாது. தடை குறைந்த வழியில் மிகுதியாகவும், தடை மிகுந்த வழியில் குறைவாகவும் தன்னைத் தானே பங்கிட்டுக்கொண்டு பாயும். ஐந்து பாதைகளில் ஒன்று மட்டும் தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டாலும், மற்ற நான்கில் இடமிருந்தும், "இனி அனுப்பாதே" என்று உற்பத்தி செய்யும் இடத்திலேயே தடுத்தாக வேண்டும். தடுக்காவிட்டால்? 2012 சூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்தியா கண்டதே விடை. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை சுமை தாளாமல் துண்டித்துக்கொண்டது. தொடர்ந்து மற்றவையும் விழுந்தன. கோடிக்கணக்கான மக்கள் இருளில் மூழ்கினர்.

தெற்கு அன்று தப்பியது. வடக்கோடு ஒரே துடிப்பில் இணையாமல், சில குறுகிய வாயில்களின் வழியாக மட்டுமே தொடர்பு கொண்டிருந்ததால் தப்பியது! அந்தத் தனிமைக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமா? அதே 2012இல் சென்னையில் இரண்டு மணி நேர வெட்டு. ஆண்டின் இறுதியில் மாவட்டங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேல்! தறி நின்றது, நீரிறைக்கும் பொறி நின்றது, டீசல் எரித்த பட்டறையின் இலாபம் புகையாய்ப் போயிற்று. வடக்கே விற்பவர் இருந்தனர்; தெற்கே வாங்கத் தொழிற்சாலைகள் காத்திருந்தன. கொண்டுவரப் பாதைதான் இல்லை.

மின்சாரச் சந்தை இதற்கொரு வழி வைத்திருக்கிறது. பாதை நிரம்பினால் சந்தையை இரண்டாகப் பிளப்பார்கள். அப்பால் மிகுதி, விலை இறங்கும். இப்பால் பஞ்சம், விலை ஏறும். விற்றவர் பெற்றது குறைவு, வாங்கியவர் கொடுத்தது மிகுதி. இடையில் நின்ற பணம் எங்கே போயிற்று? 2010ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னமைப்பு வளர்ச்சி நிதிக்குப் போயிற்று.

முறையைப் பழிக்கவில்லை. இருக்கும் இடம் யாருக்கு என்று தீர்மானிக்க விலையும் ஓர் அளவுகோல்தான். ஆனால் விலை, பாதையை அகலமாக்காது; இல்லாமல் தவிப்பவர் யார் என்பதைத்தான் அது முடிவு செய்யும். அகலமாக்கியவை, 2013 திசம்பர் 31 அன்று தெற்கை வடக்கோடு பிணைத்த இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையும், சத்தீசுகரின் இராய்கரிலிருந்து நமது புகளூருக்கு 2021இல் முழுமை பெற்ற 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டப் பாதையும்.

நிதியோ? 2015இல், எரிவாயு கிட்டாமல் முடங்கிய நிலையங்களுக்கு உதவ அதைத் திறந்தார்கள். வாய்க்கால் அகலமில்லை என்று தண்டிய பணத்தில், எவர் கிணற்றுக்கோ கயிறு வாங்கிய கதை!

புகளூர்ப் பாதையின் கோபுரங்கள் கொங்கு நாட்டு உழவரின் நிலத்தில் ஏறின. உரிய இழப்பீடு கேட்டு அவர்கள் வீதியில் அமர்ந்தபோது, நெரிசலில் திரண்ட பணம் ஏன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை? ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது, விதியில் ஒரே ஒரு வரி: எந்தப் பாதையின் நெரிசலில் சேர்ந்த பணமோ, அது அந்தப் பாதையை அகலமாக்கவே செலவாகட்டும், அதில் முதற்பங்கு, கோபுரத்தைச் சுமக்கும் நிலத்துக்குப் போகட்டும்.