குரல் உடைந்தால் பாடக்கூடாதா?

"குரல் போன பிறகு எதுக்குப் பாடணும்? மரியாதையா ஒதுங்கிக்க வேண்டியதுதானே?" ஜானி கேஷின் 'அமெரிக்கன் 4' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1986-ல் கொலம்பியா கம்பெனியும் இப்படித்தான் நினைத்தது. கிட்டத்தட்ட 28 வருஷம் தங்களுக்குப் பாடியவரைக் கழற்றிவிட்டது. எங்க பேங்க் பாஷையில் ரைட் ஆஃப். ராப், ஹெவி மெட்டல் ஆல்பங்கள் தயாரித்துக்கொண்டிருந்த ரிக் ரூபின்தான் 1994-ல் வெறும் கிடாரோடு அவரைப் பாடவைத்தார். ரைட் ஆஃப் பண்ணின கணக்கில் அசலும் வட்டியும் வசூலான கதை :-)

நாலாவது ஆல்பம் வந்தது 2002 நவம்பரில். கேஷுக்கு வயது 70. சர்க்கரை வியாதி, ஆஸ்துமா. பாட்டின் நடுவிலேயே மூச்சு தேய்கிறது. இதைத்தான் குறை என்கிறார்கள். அய்யா, 'ஹர்ட்' பாட்டை எழுதிய ட்ரென்ட் ரெஸ்னருக்கு அது வெளிவந்த 1994-ல் 30 வயதுகூட ஆகவில்லை. அவர் பாடும்போது அது ஒரு வாலிபனின் கசப்பு. கேஷ் பாடினால் கணக்கை முடிக்க உட்கார்ந்த கிழவர். அதையே 1960களின் கணீர்க் குரலில் பாடியிருந்தால் நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

எல்லாப் பாட்டும் தேறும் என்று சொல்லவில்லை. 'டெஸ்பராடோ'வை விட்டிருக்கலாம். ஆனால் 'ஹர்ட்' வீடியோவை மட்டும் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் முதல் பாட்டைக் கேளுங்கள். பைபிளின் கடைசிப் புத்தகத்தை வைத்து அவரே எழுதியது. அந்த உடம்போடு!

2003 மே மாதம் மனைவி ஜூன் கார்ட்டர் போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் 12-ல் இவர். நடுவில் இருந்த நாலு மாசமும் மைக் முன்னால்தான். அந்தப் பாட்டுகளில் சில 2006-ல் வந்தன.