கொய்த பின்னும் உயிர்வாழும் மலர்

சனிக்கிழமை மாலையில் பீடத்தில் வைத்த மலர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குள் தலை கவிழ்ந்துவிடுகின்றன. தண்ணீரில் என்ன மருந்து சேர்க்கலாம் என்று பீடம் அலங்கரிக்கும் சகோதரிகள் அடிக்கடி வினவுகின்றனர். மருந்தைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம். குவளையில் நாம் காணும் வாட்டத்தின் காரணம் பெரும்பாலும் குவளையில் இல்லை. மலரைக் கொய்த வேளையிலும், கொய்த பின் கடந்த முதற் சில மணி நேரங்களிலும் அது அடங்கியிருக்கின்றது.

அடி அண்ணாமலை என்னும் ஊரைப் பலரும் அறிவர். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் அமைந்த ஊர் அது. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் அவ்வழியே நடந்து செல்கின்றனர். கார்த்திகைத் தீபத்தின்போது கூட்டம் இன்னும் பெருகும். ஆகவே இப்பகுதியில் பூவுக்குத் தேவை ஓய்வதில்லை. மாவட்டத்துக் கிராமங்களில் சிறு உழவர்கள் கிணற்று நீரை நம்பி மல்லிகை, சம்பங்கி, சாமந்தி முதலியவற்றைப் பயிரிடுகின்றனர்.

சம்பங்கியையே எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த இச்செடி நம் மண்ணின் பிள்ளையாகவே மாறிவிட்டது. இதற்கு இருவகை அறுவடை உண்டு. மாலை கட்டுவதற்காயின், விரியும் தறுவாயிலுள்ள மொட்டுக்களை விடியுமுன் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். குவளையில் வைப்பதற்காயின், கதிரின் அடியிலுள்ள இரண்டு அல்லது நான்கு பூக்கள் மலர்ந்ததும் தண்டோடு அறுக்க வேண்டும். மேலுள்ள மொட்டுக்கள் பிறகு நம் வீட்டில் ஒவ்வொரு நாளாக மலரும். மிக முந்தி அறுத்தால் மொட்டுக்கள் திறவாமலே கருகும். மிகப் பிந்தி அறுத்தால் நாம் வாங்குவது ஏற்கெனவே வாழ்ந்து முடித்த மலராகும்.

இவ்வாறே ஒவ்வொரு மலருக்கும் ஒரு பருவம் உண்டு. ரோஜாவைப் புறவிதழ் ஒன்றிரண்டு பிரியத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். கிளாடியோலஸ் கதிரில் அடிமொட்டுக்கள் நிறம் காட்டினால் போதும். செண்டுமல்லியோ முழுதும் விரிந்த பின்னரே பறிக்கத்தக்கது. குண்டுமல்லிகையை விடியற்காலையில் முற்றிய மொட்டாகப் பறித்தால் அது அன்று மாலையில் விரிந்து மணக்கும். அதற்காகவே பெண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சியபடி, இருட்டில் செடிகளுக்கிடையே குனிந்து நிற்கின்றனர். நம் கைக்கு வரும் ஒரு முழம் பூவில் அவர்களது உறக்கமும் கலந்திருக்கின்றது.

கொய்த மலர் இறந்துவிட்டதென எண்ணுவது தவறு. அது மூச்சு விடுகின்றது. தன்னிடமுள்ள சிறிது சர்க்கரையைச் செலவிட்டு உயிர் வாழ்கின்றது. வேரின் உறவு அற்றுப்போனதால், செலவிட்டதை மீண்டும் பெற வழியில்லை. ஆதலின் அதன் பகைவர் யாவர் என அறிந்து விலக்குதல் நம் கடமை. அப்பகைவர் நால்வர்.

முதலாவது வெப்பம். சூடு 10 டிகிரி உயருந்தோறும் மலரின் மூச்சு ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு விரைவுபடுகின்றது. சித்திரை வெயிலில் பேருந்தின் கூரைமேல் ஏற்றிய பூ, நிழலில் சில நாள் வாழ வேண்டிய வாழ்வைச் சில மணி நேரத்தில் வாழ்ந்து தீர்த்துவிடும். அதனாற்றான் ஓசூர்ப் பகுதியில் வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்புவோர், அறுத்த உடனே தண்டுகளை நீர்த்தொட்டியில் நிறுத்திக் குளிரறைக்குக் கொண்டுசெல்கின்றனர். சிறு உழவருக்குக் குளிரறை ஏது? எனினும் மர நிழலும், ஈரச் சாக்கு சுற்றிய மூங்கில் கூடையும் அவருக்கும் எட்டுவனவே.

இரண்டாவது தாகம். அறுத்த தண்டு காற்றில் கிடந்தால் அதன் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பின்னர் நீரில் வைத்தாலும் நீர் ஏறாது. ஆனால் தாகம் தீர்ப்பதாக எண்ணி உதிரி மொட்டுக்களை நனைத்துவிடலாகாது. ஈரம் எடையைக் கூட்டும். அதே ஈரம் மொட்டைப் பழுப்பாக்கி அழுகவும் வைக்கும். சாக்கு ஈரமாயிருக்கலாம்; பூ நீரில் ஊறலாகாது.

மூன்றாவது கிருமி. தண்ணீருக்குள் அமிழ்ந்த இலைகள் அழுகக் கிருமிகள் பெருகித் தண்டின் வாயை மூடுகின்றன. இங்கேதான் மருந்துக் கேள்விக்கு விடை இருக்கின்றது. சர்க்கரை மலருக்கு உணவுதான். ஆனால் வெறும் சர்க்கரை நீர் கிருமிக்கும் விருந்தாகும். கடைகளில் விற்கும் மலர்ப்பொடியில் சர்க்கரையோடு புளிப்புப் பொருளும் கிருமிநாசினியும் கலந்திருப்பது இதனாலேயே. அது கிட்டாதபோது, நாள்தோறும் தண்ணீரை மாற்றிக் குவளையைத் தேய்த்துக் கழுவுவதைவிடச் சிறந்த மருந்தில்லை.

நான்காவது, பலர் அறியாத பகைவர்: பழம். 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் குரோக்கர், நைட் என்னும் ஆய்வாளர் இருவர், பசுமைக் குடில்களில் கார்னேஷன் மலர்கள் விரியாமல் சுருங்குவதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன் என்பதே குற்றவாளி. அதே எத்திலீனைப் பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் வெளியிடுகின்றன. நாமோ காணிக்கைத் தட்டில் பழத்தையும் பூவையும் அணைத்தே வைத்து, இரவு முழுவதும் மூடிய அறையில் விட்டுவிடுகின்றோம்! எல்லா மலர்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை எனினும், இரண்டையும் பிரித்து வைப்பதில் நமக்குச் செலவொன்றுமில்லை.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். மலர்த்தண்டுகள் வந்ததும், கூரிய கத்தியால் அடியில் ஓர் அங்குலத்தைச் சாய்வாக அறுத்து நீக்குக. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள இலைகளைக் களைக. நிழலில் ஒரு வாளி நீரில் இரண்டு மணி நேரமாவது நிற்கவிட்ட பின்னரே அலங்காரத்தைத் தொடங்குக. மெழுகுவர்த்திக்கு அருகிலும் மின்விசிறிக்கு நேர்கீழேயும் வைக்கற்க. பூசை முடிந்ததும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுக. அடுத்த நாள் மீண்டும் தண்டை அறுத்துப் புது நீர் விடுக.

இத்தனை சிரமம் எதற்கு, வாடாத பிளாஸ்டிக் பூவை வைத்துவிடலாமே என்பாரும் உளர். அவர்களுக்கு 2020-ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகின்றேன். மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஆலயங்கள் அடைபட்டன, திருமணங்கள் சுருங்கின. நெல்லாயிருந்தால் குதிரில் கொட்டி வைக்கலாம். பூவை எங்கே கொட்டி வைப்பது? வாங்குவாரில்லாத பூவைச் சிலர் செடியிலேயே உதிரவிட்டனர். சிலர் பறித்து வரப்பில் கொட்டினர். பூ உழவரின் செல்வம் ஒரு பகற்பொழுது மட்டுமே நிலைக்கும் செல்வம் என்பதை அந்நாட்கள் காட்டின. வரத்து மிகுந்து விலை வீழும் ஒவ்வொரு பருவத்திலும் அந்தத் துயரம் சிறிய அளவில் திரும்ப வருகின்றது. பறிகூலிக்குக்கூடத் தேறாத நாட்கள் உண்டு. பிளாஸ்டிக் பூ ஒவ்வொன்றும் அக்குடும்பத்தின் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவுகின்றது.

பீட அலங்காரத்தில் மிதம் வேண்டுமென்றே திருவழிபாட்டு விதிகளும் கூறுகின்றன. கட்டுக்கட்டாக வாங்கி ஒரு நாளில் குப்பையில் எறிவதைக் காட்டிலும், பத்துத் தண்டுகளை நியாயமான விலைக்கு வாங்கி ஐந்து நாள் பேணுவது மேலானது. அண்டையூரில் பயிரிடுவோர் இருப்பின் அவரிடமே நேராக வாங்குங்கள். எந்நாளில் எத்தனை தண்டு வேண்டுமென முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் அன்று விடியலில் உரிய பருவத்தில் அறுத்துத் தருவார். அவருக்கு நிச்சயமான விலை. உங்களுக்கு நீண்ட நாள் வாழும் மலர். வாடிய பின் அதை எருக்குழியில் இடுங்கள். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே உணவாகட்டும்.

பிறர் இருட்டில் நின்று பறித்ததை, நாம் வெளிச்சத்தில் வீணாக்காதிருப்போமாக.