நிலம் பக்கமாய் நழுவிய நாள்

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆம் திகதியை வெள்ளவத்தைவாசிகள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு தினங்களே இருந்தன. பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில், சுமாத்திராவுக்கு மேற்கே சமுத்திரத்தின் அடியில் 8.6 அளவுள்ள பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. அதன் நடுக்கம் கொழும்பிலும் உணரப்பட்டது. சுனாமி எச்சரிக்கை பிறந்தது. 2004ஆம் ஆண்டின் துயரம் நெஞ்சை விட்டகலாத மக்கள், கரையோரத்தை நீங்கி உள்ளே விரைந்தனர். இரண்டு மணி நேரத்தின் பின் 8.2 அளவுள்ள மற்றோர் அதிர்ச்சியும் உண்டாயிற்று. ஆயினும் பேரலை எழவில்லை; எச்சரிக்கையும் நீக்கப்பட்டது.

இத்துணைப் பெரிய அதிர்ச்சிக்கு அலை எழாமற் போனது ஏன் என்று மாணவர்கள் வினவுதல் நியாயமே. விடை, நிலம் நகர்ந்த திசையில் இருக்கின்றது.

நீர் நிறைந்த தொட்டியொன்றின் அடியில் ஒரு பலகையைக் கிடத்தி, அதனைச் சடுதியில் மேலே தூக்குங்கள்; நீர் பொங்கி வழியும். அதே பலகையை அடித்தளத்தோடு ஒட்டிப் பக்கமாய் நகர்த்துங்கள்; நீர் சிறிதே சலனமுறும். 2004இல் ஒரு புவித்தகடு மற்றொன்றின் கீழ் நுழையுமிடத்தில், மேற்றகட்டின் விளிம்பு விடுபட்டு மேலெழுந்தது. 2012இலோ பாறைகள் பிளவின் இருபுறமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவின. கருவிகள் பதிவுசெய்த இவ்வகை அதிர்ச்சிகளுள் அதுவே மிகப் பெரியது.

பாறை வளையாது முறிவானேன்? அடுக்களையிற் பாகு காய்ச்சுவோர் இதனை அறிவர். சூடான பாகு இழுத்த பக்கம் நீளும். ஆறியதோ படீரென ஒடியும். பூமியின் ஆழத்தில் வெப்பமுற்ற பாறை மெல்ல நெகிழ்கின்றது. மேலே குளிர்ந்து இறுகிய பாறை, நெருக்குதலை நெடுங்காலம் தாங்கி, தாங்கவியலாத கணத்தில் முறிகின்றது.

அந்நெருக்குதலின் மூலம் வடக்கே இமயத்தில் உள்ளது. இந்தியா ஆசியாவை முட்டி எழுப்பிய மலைத்தொடர் அது. அங்கே இந்தியாவின் நகர்வு தடைப்பட, கிழக்கே அவுஸ்திரேலியப் பகுதி அத்தகைய தடையின்றி முன்னேறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கடற்றளமே முறுகிப் பிளக்கின்றது. பக்கமாய் நழுவும் பிளவைத் தரையிற் காண விரும்புவோர் சுமாத்திராவின் பாரிசான் மலைகளை நோக்கலாம். அம்மலைத்தொடரை ஒட்டி ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் நீளத்திற்கு அத்தகைய பிளவொன்று ஓடுகின்றது.

அங்ஙனமாயின் பக்கமாய் நழுவும் பிளவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2018ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி இந்தோனேசியாவின் பாலு நகரில் 7.5 அளவுள்ள அதிர்ச்சி நேர்ந்தது. அதுவும் பக்கமாய் நழுவியதே. எனினும் சில நிமிடங்களுக்குள் அலை வந்து குடாக்கரையைத் தாக்கிற்று. கடலடியில் மண் சரிந்தமையும் குடாவின் ஒடுக்கமான அமைப்பும் அதற்குத் துணைபோயின என்பர் ஆய்வாளர். அதிர்ச்சியாலும் அலையாலும், சேறாய் இளகிய நிலத்தாலும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நிலம் எத்திசையில் நகர்ந்தது என்பதை விஞ்ஞானிகள் கணித்தறியச் சிறிது நேரம் வேண்டும். கடற்கரையில் நிற்பவருக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே எச்சரிக்கை கிடைத்ததும் வெள்ளவத்தையில் கடலோர வீதியையும் புகையிரதப் பாதையையும் விட்டு விலகி, காலி வீதியைக் கடந்து உட்புறம் செல்லுதலே தகும். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கும் இதுவே பொருந்தும். செல்லும் வழியை வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

அன்று வீணே ஓடினோம் என்று நகைப்போர் சிலர் உளர். ஓடியவர்கள் செய்ததே சரி என்போம். அலை வராமற் போனது நமது நற்பேறு. அடுத்த முறையும் அப்படியே ஆகுமென்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை.